வாசல் பக்கம் திரும்பிய கழுத்து

போன மாதம் எனக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. திருப்பூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி வந்ததில் ஏற்பட்ட பிடிப்பு. ராஜபாளையத்தில் இப்போது நாலு தெருவுக்கு ஒரு பிசியோதெரபி சென்டர் இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண் படித்த பெண், கையும் நல்ல கை. தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, மனசில் ஏதும் ஸ்ட்ரெஸ் இருக்கிறதா ஐயா என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் தூங்கியதைச் சொன்னேன். இதே ஊரில் இதே வேலையைக் கயிறும் எடைக்கல்லுமாகச் செய்தவன் நான் என்றும் சொன்னேன்.

அப்படியானால் உங்கள் காலத்தில் உடம்பால் வந்த பிடிப்பு எது, மனசால் வந்த பிடிப்பு எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டது. பல நேரம் கண்டுபிடிக்கவில்லை என்றேன். அதையே எழுதிக் கொடுங்கள், எங்கள் பிசியோதெரபி சங்க மலரில் போடுகிறோம் என்றது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

நான் மகாராஜபுரத்துக்காரன். வாத்தியார் அடித்தார் என்று பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா அடித்தார் என்று ஊரை விட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன், கொல்லத்தில் ஹோட்டலில் மாவு பிசைந்தேன், பம்பாயில் மூட்டை தூக்கினேன். புனலூரில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஒரு வைத்தியரிடம் சில காலம் இருந்தேன். வலிக்கிறவர்மேல் கையை வைப்பதற்கு முன்னால் கை சூடாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவரிடம் கற்றது. பிறகு டைபாய்டு வந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ராஜபாளையம் வந்து சேர்ந்தேன். தென்காசி ரோட்டில் எலும்பு டாக்டர் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேவைப்பட்டது. எண்பதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தவன், இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். டாக்டர் இரண்டு தடவையும் ஒன்றும் கேட்கவில்லை. "ஏம்ப்பா மாடசாமி, மெழுகை அடுப்பில வையி" என்பார், நேற்றுத்தான் லீவில் போனவனிடம் சொல்வதுபோல.

பின்பக்கத்து அறை என்னுடையது. மெழுகு உருக்குகிற சட்டி, சிவப்பு விளக்கு, கழுத்தை இழுக்கிற டிராக்‌ஷன் கயிறு. மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அவர் துபாய்க்குப் போன பிறகு டாக்டர் சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளி உள்ளே வந்ததும் அவர் தொடவே மாட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார். எந்தக் கை முதலில் வெளியே வருகிறது, எந்தத் தோள் தயங்குகிறது என்று பார்ப்பார். கழற்றிய சட்டையை மடித்து வைக்கச் சொல்வார். செருப்பைக் குனிந்து எடுக்கச் சொல்வார். டாக்டர் நம்மை வேலை வாங்குகிறாரே என்று சிலருக்குக் கோபம்கூட வரும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு கட்டைவிரலையும் கழுத்தடியில் வைப்பார். அழுத்த மாட்டார், சும்மா வைத்திருப்பார். செத்த நேரம் கழித்து விரலுக்குக் கீழே தசை தானாகப் பேச ஆரம்பிக்கும் என்பார். எனக்கு அது பிடிபடப் பல வருஷம் ஆனது.

"மனசுதான் காரணம்" என்று யார் சொன்னாலும் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் ஒரு மில் தொழிலாளி. நூல் மில்லில் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின் பார்க்கிறவர், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மகள் வீட்டைவிட்டு ஒருவனோடு போய்விட்டாள். அதிலிருந்து அவருக்குப் பிடரி கல் மாதிரி ஆகிவிட்டது. தெருவே சொன்னது, மகள் போன ஏக்கம் என்று. அவரே அதை நம்பி, மகளை நினைத்து அழுதுகொண்டே வந்து மெழுகு ஒத்தடம் வாங்கிக்கொண்டு போவார். ஒருநாள் டாக்டர் அவரிடம், மில்லில் அறுந்த நூலை எப்படிப் பார்த்து ஒட்டுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். அவர் கையை நீட்டி, முகவாயை மேலே தூக்கி, மூக்கு வழியாகக் கீழே பார்த்தார். போட்டிருந்தது புதுக் கண்ணாடி. கீழ்ப்பாதி கிட்டத்தில் பார்க்க, மேல்பாதி தூரத்தில் பார்க்க என்று ஒன்றிலேயே இரண்டு வைத்த கண்ணாடி. நூல் தெரிய வேண்டுமென்றால் எட்டு மணி நேரமும் தலையைப் பின்னால் சாய்த்தே நிற்க வேண்டும். மகள் போனதும் கண்ணாடி வாங்கியதும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. கண்ணாடியை மாற்றியதும் பிடரி இளகிவிட்டது. மனிதர் சந்தோஷப்படவில்லை. "அப்ப எனக்கு எம்மவ மேல ஏக்கமே இல்லையா?" என்று கேட்டார். டாக்டர், "ஏக்கம் இருக்கட்டுங்க. கழுத்துல வேண்டாம்" என்றார்.

இதற்கு நேர் எதிராகவும் பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் ஒருவர். இருபது வருஷம் பெரிய சட்டியில் துடுப்புப் போட்டவர், கிண்டின காலமெல்லாம் தோள் வலி என்றால் என்னவென்று தெரியாது. கடையில் பங்கு கிடைத்து, துடுப்பைக் கீழே வைத்து, கல்லாவில் உட்கார்ந்த பிறகு தோள் இரும்பாகிவிட்டது. நாற்காலியை மாற்றினோம், குஷன் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பக்கத்து நாற்காலியில் அவரோடு பேசாத அண்ணன் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் சட்டிக்கே போய்விட்டார், சரியாகிவிட்டது. ஆனால் டாக்டர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. கிண்டுகிறபோது ரத்தம் ஓடுகிறது, அதனால் இருக்கலாம் என்றார். "தசைக்குக் காரணம் தெரியாதப்பா. இழுன்னா இழுக்கும். இழுக்கச் சொன்னது யாருன்னு நாமதான் தேடணும்" என்பார்.

முத்துலட்சுமி வந்தது எண்பதுகள் முடியப்போகிற சமயத்தில். தளவாய்புரத்துக்காரி. வீட்டில் மிஷின் போட்டுப் பாவாடை தைத்துக் கொடுக்கிற வேலை. இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் தாம்புக்கயிறு போல ஒரு முறுக்கு. கை வைத்தால் சுருங்கும். தலை வலது பக்கம் பாதிதான் திரும்பும்.

அவள் கணவர் கேரளாவுக்குப் பரோட்டா போடப் போனவர். முதல் வருஷம் தீபாவளிக்கு வந்தார். அடுத்த வருஷம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவர் போகும்போது மகள் செல்வி ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். முத்துலட்சுமி குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண வீட்டில் அவளை ஆரத்தி எடுக்கக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிடாமல் இருக்கவும் சங்கடப்படுவார்கள். அதனால் அவளே எங்கேயும் போவதில்லை.

"நாலு எடத்துல காட்டியாச்சுய்யா," என்றாள் டாக்டரிடம். "புருசன் காணாமப்போன கவலைன்னு தூக்க மாத்திரை குடுத்தாவ. நான் தூங்குனேன். கழுத்து தூங்கல."

டாக்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. கவலையை விடுங்கம்மா, கழுத்தைப் பார்ப்போம் என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண் பணியாளர் பெண் நோயாளியைத் தொடுவதில்லை. நர்ஸ் பிலோமினா சிஸ்டர்தான் தொடுவார். அறைக்கு நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் நோயாளி. தாடைக்கும் பிடரிக்கும் சேர்த்து ஒரு தோல் பட்டையை சிஸ்டர் மாட்டுவார். பட்டையிலிருந்து கிளம்பும் கயிறு மேலே கப்பியில் ஏறி, திரையைத் தாண்டி என் பக்கம் இறங்கும். அதன் முனையில் ஒரு பையில் எடைக்கல். கல்லைத் திடீரென்று விடக் கூடாது. கையில் தாங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். எடுக்கும்போதும் அப்படித்தான். எதிர்க்கிற கழுத்தாக இருந்தால் கயிறு விறைத்துத் துடிக்கும். இளகிவிட்டால் துடிப்பு அடங்கிப் பை ஒரு விரற்கடை கீழே இறங்கும். முகத்தைப் பார்க்காமலே எனக்கு ஆள் தெரியும்.

முத்துலட்சுமியின் பை இறங்கவே இல்லை. வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வருவாள். சிவப்பு விளக்குச் சூடு, சிஸ்டர் கை, பிறகு கயிறு. போகும்போது கொஞ்சம் தேவலை என்பாள். அடுத்த தடவை வரும்போது பழையபடி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தளவாய்புரம் போனார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. தலையணை எத்தனை உயரம், ஸ்டூல் எத்தனை உயரம் என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். முத்துலட்சுமி பதறிப்போய்க் கலர் சோடா வாங்கிவரச் செல்வியை அனுப்பினாள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து கலரைக் குடித்துக்கொண்டே, எங்களைக் கவனிக்காமல் தையுங்கம்மா என்றார்.

மிஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. வாசல் அவளுக்கு இடது கைப்பக்கம். வாசலைத் தாண்டித் தெரு, தெருக்கோடியில் பஸ் நிற்கிற இடம். காலால் மிதிக்கிற மிஷின். பாவாடைக்கு நாடா கோர்க்கிற பட்டியை மடித்து ஓட்டிக்கொண்டே போனாள். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கால் மிதிப்பதை நிறுத்தவில்லை, கை துணியை விடவில்லை, கழுத்து மட்டும் இடது பக்கம் திரும்பி, வாசலைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தது. தையல் கோணவில்லை. பஸ் இல்லாத நேரத்தில் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். திரும்புவது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கலர் தீரும் வரை டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மிஷினைத் திருப்பிப் போடுங்கம்மா," என்றார். "வாசல் உங்களுக்கு நேரா இருக்கட்டும்."

நானும் செல்வியும் சேர்ந்து மிஷினைத் தூக்கித் திருப்பிப் போட்டோம்.  திரும்பிப் பார்த்ததை டாக்டர் வாயால் சொல்லவில்லை.

முதல் சில வாரம் நன்றாகவே இருந்தது. கயிற்றில் என் பை முதல்தடவையாக இறங்கியது. பிறகு இரண்டு தோளும் தூக்கிக்கொண்டுவிட்டன. முன்னே ஒரு பக்கம் இருந்த முறுக்கு இப்போது இரண்டு பக்கமும். வாசல் நேராக இருந்ததால் பார்வையை எடுக்கவே முடியவில்லை போலிருக்கிறது. டாக்டர் யோசித்துவிட்டு, அப்படியானால் வாசலுக்கு முதுகு வருகிற மாதிரி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அதற்கு மட்டும் அவள் ஒப்பவில்லை. "முதுகக் காட்டி ஒக்காந்திருந்தா வாரவிய என்ன நெனைப்பாவ டாக்டரய்யா? இத்தன வருசங்கழிச்சு கூசிக்கூசித்தான் வந்து நிப்பாவ. நான் கோவத்துல இருக்கேன்னு நெனச்சு அப்படியே திரும்பிப் போயிற மாட்டாவளா?"

டாக்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மிஷின் பழைய இடத்துக்கே போனது. கழுத்தும் பழையபடி ஆனது. வருவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் வந்தாள். கயிற்றின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான், நடுவில் திரை. தாடையில் பட்டை இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடியும். அப்படியே பேசுவாள். துணி வெட்டுகிறவன் ஏமாற்றுவது, செல்வி படிப்பை நிறுத்திவிட்டுத் தானும் ஒரு மிஷின் போட்டுக்கொண்டது, எல்லாம் சொல்வாள்.

ஒருநாள் சிஸ்டர் மருந்து எடுக்கப் போயிருந்த நேரம், திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஊரு ஊராத் திரிஞ்சவிய. போனவிய எம்புட்டு நாள் கழிச்சுத் திரும்பி வருவாவ?"

நான் பம்பாயிலும் கொல்லத்திலும் அப்படிப்பட்டவர்களோடு ஒரே அறையில் படுத்தவன். ஊருக்குப் போக வேண்டும் என்று தினமும் சொல்வார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போவது என்பார்கள். ஒரு வருஷம் போகும். இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்பார்கள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். சிலர் அங்கேயே குடும்பம் ஆகிவிடுவார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "வராதவன் எல்லாம் செத்துப்போனவன் இல்லம்மா. எங்கயாவது நல்லாத்தான் இருப்பாரு" என்றேன்.

கயிறு விறைத்தது. கையில் நான் உணர்ந்தேன்.

"அதத்தாண்ணே நான் பயந்துக்கிட்டிருக்கேன்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

தொண்ணூறுகளின் நடுவில் செல்விக்கு மாப்பிள்ளை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன், நல்ல இடம். அவர்கள் கேட்டது ஒன்றுதான். பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா? பத்திரிகையில் எப்படிப் போடுவது? மணவறையில் அம்மா எப்படி நிற்பாள்? அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதைப் பிணமாக வைத்துக் காரியம் பண்ணி முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் தாண்டியிருந்தது. முத்துலட்சுமி மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். உசிரோடு இருக்கிறவருக்கு எப்படிக் கொள்ளி வைப்பது என்பது அவள் பேச்சு.

கணவரின் தம்பி கருப்பசாமி எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. அண்ணன் குடும்பத்தை அதுவரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். டாக்டர் முன்னால் கை கட்டி நின்றார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்கய்யா. காரியத்த முடிச்சுட்டா கழுத்து சரியாயிரும்னு சொல்லுங்க. எங்க பேச்ச மதினி கேக்க மாட்டாவ. உங்க பேச்சக் கேப்பாவ."

"சரியாகலைன்னா?"

"ஆகலைன்னா இருந்துட்டுப் போகுதுய்யா. புள்ள கல்யாணம் நடந்துருமுல்ல."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "மருந்துச் சீட்டுல கருமாதி எழுதற டாக்டர் நான் இல்லப்பா," என்றார். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. அதுகூடக் கோபமாக வரவில்லை, சோர்வாகத்தான் வந்தது. கருப்பசாமி வெளியே வந்து என்னிடம் கேட்டார். நானும் முடியாது என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, டாக்டர் மறுத்ததிலும் நியாயம் இருந்தது.

அடுத்த வாரம் முத்துலட்சுமி வந்தபோது செல்வியையும் கூட்டிவந்தாள். இவளுக்கும் கழுத்து வலிக்கிறது என்கிறாள், ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், கல்யாணப் பெண் என்றாள். டாக்டர் வழக்கம்போல, ஸ்டூலில் உட்கார்ந்து எப்படித் தைப்பாய் என்று காட்டச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இல்லாத துணியைப் பிடித்து, இல்லாத மிஷினை மிதித்துக் காட்டியது. அறை வாசலுக்கு வெளியே தென்காசி ரோடு. ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. செல்வியின் கழுத்து இடது பக்கம் திரும்பியது. அங்கே இருந்தது ஊசி மருந்து வைக்கிற பீரோ. பீரோவைப் பார்த்துவிட்டுக் கழுத்து திரும்பி வந்தது. கை நிற்கவில்லை.

முத்துலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். தான் செய்வதை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"ஏட்டி, இப்ப எதுக்குத் திரும்புன?"

"திரும்புனேனா?" என்றாள் அந்தப் பெண். பிறகு, "தெரியலம்மா. நீ திரும்புவ. நானும் திரும்புவேன்."

"ஒங்கப்பா மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்காட்டி?"

செல்வி யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

அன்று முத்துலட்சுமிக்குக் கயிறு மாட்டினோம். கல்லை இறக்குகிற சமயத்தில், "எனக்குச் சரியாகணும்னு இல்லண்ணே," என்றாள். "அவ திரும்பக் கூடாது. போற வீட்டுலயும் போயி யாருன்னே தெரியாத ஆளுக்குத் திரும்பிக்கிட்டே இருப்பா." வீட்டுக்குப் போய்க் கருப்பசாமியிடம் நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

காரியத்துக்கு நான் போயிருந்தேன். கண்மாய்க் கரையில் நடந்தது. தர்ப்பையில் செய்த உருவத்துக்கு அவர் சட்டை ஒன்றைப் போட வேண்டும். வீட்டில் அவர் சட்டை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. முத்துலட்சுமியே ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தாள், வெள்ளையில் நீலக் கோடு. அதை விரித்தபோது கருப்பசாமி, அண்ணன் இவ்வளவு பருமன் இல்லையே மதினி என்றார். "இருபத்தெட்டு வயசுல போனவிய," என்றாள். "இந்நேரம் கொஞ்சம் சதை போட்டிருப்பாவல்ல. புடிச்சாப்ல இருந்தா அவியளுக்கு ஆகாது."  சட்டை பெரிதாக இருந்ததால் உருவத்தின்மேல் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. கருப்பசாமி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே தீ வைத்தார். பெண்கள் முத்துலட்சுமியைக் குங்குமம் அழிக்கத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார்கள்.

ஆவணியில் கல்யாணம். செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள், சீரோடு சேர்த்து வீட்டில் இருந்த இரண்டு மிஷினும் போயின. முத்துலட்சுமி ஊரிலேயே புதிதாகத் திறந்த நைட்டி கம்பெனியில் சேர்ந்தாள். பெரிய ஷெட். கரண்டில் ஓடுகிற மிஷின்கள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, மேலே டியூப்லைட். மிஷின் சத்தத்தில் வெளியே பஸ் வந்தாலும் கேட்காது.

கார்த்திகையில் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவை வருகிறாள். நெற்றியில் திருநீறு. அம்மா வீட்டுக்கு வந்திருந்த செல்வியும் கூட இருந்தாள். டாக்டர் பின்னால் நின்று கட்டைவிரலை வைத்தார். பிறகு தலையைத் திருப்பச் சொன்னார். வலது பக்கம் தோள் வரை திரும்பியது. இடது பக்கமும் தோள் வரை திரும்பியது. என்னைக் கூப்பிட்டு எட்ட நின்று பார்க்கச் சொன்னார். தாம்புக்கயிறு இருந்த இடம் சாதாரணக் கழுத்தாக இருந்தது.

"காரியமா, கம்பெனி மிஷினா?" என்று நான் டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டையும் ஒரே சமயத்துல மாத்திட்டாங்களேப்பா," என்றார். "எதுன்னு நான் எதை வச்சுச் சொல்லட்டும்?"

முத்துலட்சுமி சேலையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இனிமே வர வேண்டாமாய்யா?"

"வேண்டாம்மா. சரியாப் போச்சு."

அவள் போகவில்லை. தலையை ஒருதடவை வலது பக்கம் திருப்பினாள், ஒருதடவை இடது பக்கம் திருப்பினாள். எங்கேயாவது வலிக்கிறதா என்று தேடுவது போல இருந்தது. பிறகு ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் அம்புட்டு வருசம் காத்துக்கெடந்தது இந்தக் கழுத்துல மட்டுந்தானா இருந்துச்சு, டாக்டரய்யா?"

 மில்காரரிடம் சொன்னது போல டாக்டர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். 

செல்வி அம்மாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். அடுத்த நோயாளி உள்ளே வந்து சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். டாக்டர் அவருக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. ஜன்னல் பக்கமே நின்றபடி, சட்டையைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் வெளியே உட்காருங்கள் என்றார்.